பாதி வானத்தோடு பெட்டியை மூடியவர்களுக்கு

கும்பகோணம்,
ஆனி மாதம்.

பல்லாயிரம் துண்டுகள் கொண்ட ஜிக்சா புதிர் ஒன்றை வீட்டார் எல்லோரும் கூடிச் சேர்க்கலாம் என்று உற்சாகத்தோடு தொடங்கி, ஓரங்களைக் கட்டி, வீடுகளையும் மரங்களையும் மனிதர்களையும் பொருத்தி, பின்னர் ஒரே நிறமாய்ப் பரந்து கிடந்த வானத்தின் முன்னே கை ஓய்ந்து, எல்லாவற்றையும் மறுபடியும் பெட்டிக்குள் இட்டுப் பரண்மேல் ஏற்றிவிட்ட குடும்பத்தாராகிய அன்பர்களே,



உங்களில் ஒருவரையும் நான் நேரில் அறியேன். ஆயினும் உங்கள் வீட்டுப் பரணை நான் நன்றாக அறிவேன். அத்தகைய பெட்டி ஒன்று என் வீட்டுப் பரணிலும், பித்தளை அண்டாவுக்கும் கொலுப் பொம்மைப் பெட்டிக்கும் நடுவே, மூன்று ஆண்டுகளுக்கு மேல் கிடந்தது. அதை நாங்கள் இறக்கினோம், மறுபடியும் விரித்தோம், தை மாதத்தில் தொடங்கி வைகாசியில் பூர்த்தி செய்தோம். அந்த அனுபவத்தின் பலத்தைக் கொண்டு உங்களிடம் ஒரு விண்ணப்பம் செய்துகொள்ளத் துணிகிறேன்: பெட்டியைக் கீழே இறக்குங்கள். எந்த இடத்தில் தோற்றுப் போனோம் என்று நீங்கள் எண்ணி மனம் சலித்தீர்களோ, அந்த இடத்தில் முக்கால் பங்கு வேலை முடிந்தே இருந்தது என்பதைக் கணக்கோடு உங்களுக்குக் காட்ட வேண்டும் என்ற ஆவலே இம்மடலை எழுதும்படி என்னைத் தூண்டியது.

எங்கள் பெட்டி வந்த கதை சுருக்கமானது. என் தமக்கையின் மகன் அயல்நாட்டில் உத்தியோகம் பார்ப்பவன். அவன் ஒரு முறை வியன்னா நகரத்துக் கலை வரலாற்று அருங்காட்சியகத்துக்குப் போயிருந்தபோது, பீட்டர் புரூகல் என்னும் ஓவியர் 1563-ஆம் ஆண்டில் தீட்டிய பாபேல் கோபுரத்தைக் கண்டு அதில் மனத்தைப் பறிகொடுத்து, அந்தப் படத்தையே 5,000 துண்டுகளாக வெட்டிய புதிர் ஒன்றை வாங்கி எங்களுக்கு அனுப்பி வைத்தான். 2020-ஆம் ஆண்டுச் சித்திரையில், ஊரடங்கினால் தெருவே மௌனமாகிவிட்ட நாளில், சாப்பாட்டு மேஜையின் மேல் அதைத் தொடங்கினோம். என் தாயார், நான், என் மனைவி, மகன், மருமகள், அப்போது மணமாகாதிருந்த என் மகள், பேத்தி என்று எழுவர் அதைச் சூழ்ந்து உட்கார்ந்தோம். பேரன் அப்போது கைக்குழந்தை. முதல் இரண்டு மாதங்கள் எவ்வளவு ஆனந்தமாகக் கழிந்தன என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 300-க்குச் சற்றுக் குறைவான ஓரத் துண்டுகளைப் பொறுக்கிச் சட்டம் கட்டியபோது, வீட்டுக்கு அஸ்திவாரம் போட்டுவிட்டது போன்ற திருப்தி எங்களுக்கு உண்டாயிற்று.

ஆனால் அந்த மேஜை நான்கடி நீளமே உள்ளது. புதிரோ ஐந்தடிக்கு மேல் நீண்டது. ஆகையால் கோபுரத்தின் ஒரு பகுதி அட்டையொன்றின் மேல் தொங்கிக்கொண்டிருந்தது. மூன்று வேளையும் தட்டுகளுக்காகத் துண்டுகளை ஒதுக்க வேண்டும். சாப்பாடு முடிந்ததும் மறுபடியும் பரப்ப வேண்டும். ஆவணியில் அலுவலகங்கள் திறந்தன. அதன்பின் நவராத்திரி வந்தது. கூடத்தில் கொலுப் படி வைக்க இடம் தேவைப்பட்டதும், ‘கொலு முடிந்தவுடன் எடுத்துக்கொள்வோம்’ என்று எல்லோரும் ஒரே வாயாகச் சொல்லிக்கொண்டு, அடித்தளமும் துறைமுகமும் முடிந்து மேற்பாதி வெறுமையாய்க் கிடந்த அந்தப் படத்தைக் கலைத்துப் பெட்டியில் இட்டோம். அப்புறம் ஐப்பசி அடைமழை, அப்புறம் மகளின் கல்யாணம். உங்கள் வீட்டில் கொலுவுக்குப் பதிலாக விருந்தாளியோ, வெள்ளையடிப்போ, பரீட்சையோ வந்திருக்கும்.

இத்தகைய முறிவுக்குக் காரணம் கேட்டால், பொறுமை போதவில்லை என்று சொல்லி எல்லோரும் தம்மைத் தாமே குற்றவாளிகளாக்கிக்கொள்வது வழக்கம். நானும் வெகு காலம் அவ்வாறே எண்ணியிருந்தேன். இப்போது என் அபிப்பிராயம் வேறு. எங்களுக்குக் குறைந்தது பொறுமையன்று, இடம். தினமும் மூன்று முறை இடம்பெயர வேண்டிய காரியம் எதுவாயினும், அது எவ்வளவு இன்பமானதாயினும், நாளடைவில் ஒரு பாரமாகிவிடுகிறது. எவரும் தொந்தரவு செய்யாத மூலையில் விரிந்து கிடக்கும் காரியமோ, தானே ஆட்களை அழைத்துக்கொள்கிறது. பால் பொங்கும் வரையில் இரண்டு நிமிஷம், ஆட்டோ வரும் வரையில் ஐந்து நிமிஷம் என்று வீட்டில் சிதறிக் கிடக்கும் நேரங்கள் எத்தனை என்பது, அவற்றை வாங்கிக்கொள்ள ஒரு பலகை திறந்து கிடக்கும்போதுதான் தெரிய வருகிறது.

இந்தப் புதிரின் பூர்வோத்தரத்தைச் சற்றுப் படித்தபோது எனக்கு ஒரு தைரியம் பிறந்தது. லண்டன் மாநகரில் ஜான் ஸ்பில்ஸ்பரி என்ற செதுக்குவேலைக்காரர் 1760-களில் தேசப் படங்களை மஹாகனிப் பலகைமேல் ஒட்டி, நாடுகளின் எல்லைக் கோடு போகும் வழியிலேயே நுண்ணிய இரம்பத்தால் அறுத்து, பிள்ளைகள் பூகோளம் கற்பதற்காக விற்றார். இன்றைய துண்டுகளைப் போல ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொள்ளும் அமைப்பு அவற்றுக்குப் பெரும்பாலும் கிடையாது. யாராவது மேஜையை இடித்தால் ஐரோப்பா கண்டமே நிலைகுலைந்துவிடும். வசதி படைத்தோர் வீட்டுப் பிள்ளைகளுக்கே உரியதாயிருந்த அந்தப் பொருள், ஏழை வீட்டு மேஜைக்கு வந்து சேர்ந்தது 1930-களின் பொருளாதார மந்த காலத்தில். அமெரிக்காவில் பல லட்சம் பேர் வேலையிழந்து, உணவு விடுதிக்கும் நாடகத்துக்கும் போகக் கையில் காசின்றி வீட்டோடு இருந்த நாட்களில், அட்டையில் ஒட்டி அச்சுக் கத்தியால் ஒரே அழுத்தில் வெட்டிய புதிர்கள் வாரந்தோறும் 25 சென்ட் விலைக்குக் கடைகளில் வந்தன. அதையும் வாங்க இயலாதவர்களுக்கு வாடகைக்குத் தரும் நிலையங்கள் ஏற்பட்டன. பணம் குறைந்து, நாளையைப் பற்றிய கவலை மிகுந்த வீடுகளில்தான், குடும்பம் முழுவதும் ஒரு மேஜையைச் சூழ்ந்து உட்காரும் இந்தப் பழக்கம் வேர் கொண்டது. ஓய்வு மிகுந்தவர்களின் பொழுதுபோக்கு இது என்று உங்களிடம் யாராவது சொன்னால், அதற்குச் செவிசாய்க்காதீர்கள்.

இனி எங்கள் பெட்டி இறங்கிய நாளுக்கு வருகிறேன். 2024-ஆம் ஆண்டு, போகியன்று, பரணைச் சுத்தம் செய்கையில் அது கைக்கு வந்தது. மூடியின் மேல் ஒரு விரற்கடைத் தூசி. பழையன கழியும் நாளாயிற்றே, இதையும் நெருப்பில் போட்டுவிடலாமா என்று என் மகன் கேட்டான். அவன் கேட்டதில் தவறில்லை, நானும் பதில் சொல்லாமல் நின்றேன். எண்பத்திரண்டு வயதான என் தாயார், நாற்காலியில் இருந்தபடியே, “அரிசியில் பாதி கல் பொறுக்கிவிட்டு மீதியை யாராவது கொட்டுவார்களா?” என்று கேட்டார். அதோடு விவாதம் முடிந்தது.

இம்முறை முதலில் இடத்தைத் தேடினோம். முற்றத்தை ஒட்டினாற்போல், காலை வெயில் நேராக விழாமல் வெளிச்சம் மட்டும் வருகிற பக்கத்தில், இரண்டு மர பெஞ்சுகளைப் போட்டு, ஆறடிக்கு நாலடி பிளைவுட் பலகை ஒன்றை அவற்றின்மேல் கிடத்தினோம். தாயார் நாற்காலியில் உட்கார்ந்தால் அவருடைய முழங்கைக்குச் சரியாக இருக்கும் உயரம். இரவில் மூடுவதற்குத் தோய்த்து உலர்த்திய எட்டு முழ வேட்டி. பல்லியும், மின்விசிறிக் காற்றும், விடியற்காலைப் பூனையும் அதற்குமேல் ஒன்றும் செய்ய முடியவில்லை. நான்கு மழைக்காலத்து ஈரத்தை உண்டு சற்றே உப்பியிருந்த துண்டுகளை வெயிலில் காட்டாமல் நிழலிலேயே நான்கு நாட்கள் ஆற விட்டோம். இராமபாணப் பூச்சி கடித்த துண்டுகள் ஏழு இருந்தன, அவையும் பொருந்தும் நிலையிலேயே இருந்தன. உங்கள் பெட்டியை எடுக்கும்போது இந்த உலர்த்தலை மட்டும் அவசரப்பட்டு விட்டுவிடாதீர்கள். உப்பிய அட்டை உரிய இடத்திலேயே நுழைய மறுக்கும். அதை நீங்கள் தவறான துண்டு என்று எண்ணி வேறெங்கோ போட்டுவிடுவீர்கள்.

பிறகு பிரித்தெடுக்கும் வேலை. இதிலேதான் எங்கள் வீட்டில் எதிர்பாராத ஓர் ஆட்சி மாற்றம் நிகழ்ந்தது. முதல் முறை, படித்தவர்கள் என்ற உரிமையால் நானும் என் மகனும் முன்னின்று, தாயாரை ஓரத்தில் உட்கார வைத்திருந்தோம். இம்முறை அவர் முறத்தைக் கேட்டு வாங்கி, ஒரு கைப்பிடி துண்டுகளை அதில் பரப்பி, அறுபது ஆண்டுகளாக அரிசியிலும் உளுந்திலும் கல் பொறுக்கிய அதே விரல்களால் நிறம் நிறமாக ஒதுக்கலானார். எங்களுக்குப் பழுப்பு என்ற ஒரே நிறமாகத் தெரிந்த கோபுரம் அவருக்கு நான்கு நிறங்களாகத் தெரிந்தது: சந்தனம், பாக்கு, வெங்காயச் சருகு, அரக்கு. பட்டுப்புடவைக் கடையின் வெள்ளை விரிப்பில் உட்கார்ந்து பழகிய கண்ணுக்கு மாத்திரமே சித்திக்கும் பேதம் இது. என் மருமகள் அவருக்கு அடுத்தாற்போல் உட்கார்ந்து, “பாட்டி, இது பாக்கா, சருகா?” என்று கேட்டுக் கேட்டு ஒரு வாரத்தில் அந்த வித்தையைக் கற்றுக்கொண்டாள். நான்கு நிறத்துக்கு நான்கு தாம்பாளம் என்று ஆனபின், முதல் முறை நாங்கள் ஒரு மாலையில் பத்துத் துண்டு பொருத்திய இடத்தில் இப்போது முப்பதும் நாற்பதும் அமைந்தன.

வடிவங்களுக்கும் வீட்டுப் பெயர் உண்டாயிற்று. புடைத்து நிற்பது தலை, உள்வாங்கியிருப்பது குழி. ஒரு பக்கமாகச் சாய்ந்த தலையைக் கண்ட என் மனைவி அதற்கு ஆண்டாள் கொண்டை என்று பெயரிட்டாள்; அன்று முதல் பேரனும் பேத்தியும், “ஆண்டாள் கொண்டை, கீழே குழி, சருகு நிறம், யாரிடமாவது இருக்கிறதா?” என்று கூவுவது தெருவரைக்கும் கேட்கும். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பாஷை பிறக்கட்டும் என்பது என் ஆசை. விவிலியத்தின் ஆதியாகமத்திலே, பாபேல் கோபுரத்தைக் கட்டியவர்களின் பாஷை தாறுமாறாக்கப்பட்டதால் வேலை நின்றுபோயிற்று என்று சொல்லப்படுகிறது. எங்கள் கூடத்தில், அந்தக் கோபுரத்தைக் கட்டுவதற்காகவே எண்பத்திரண்டு வயதும் பிள்ளைப் பிராயமும் ஒருமிக்க விளங்கிக்கொள்ளும் ஒரு பாஷை ஏற்பட்டதை நான் பலமுறை நினைத்து உள்ளம் குளிர்ந்ததுண்டு.

படத்தைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். மூல ஓவியம் 155 சென்டிமீட்டர் நீளமுள்ளது. எங்கள் புதிர் 153. ஆதலால் வியன்னாவுக்குப் போகாமலேயே ஏறக்குறைய அந்த ஓவியத்தின் அளவில் அதைப் பார்க்கும் பாக்கியம் எங்களுக்குக் கிட்டியது. பார்ப்பது மட்டுமா, ஒவ்வோர் அங்குலத்தையும் விரலால் தொட்டுத் தேடினோம். பெட்டி மூடியில் ஒரு கோபுரம்தான் தெரிந்தது. கையில் எடுத்தபோதுதான், இடப்பக்கக் கீழ்மூலையில் நிம்ரோத் அரசன் பரிவாரத்தோடு வந்து நிற்பதும், கல்தச்சர்கள் வேலையை நிறுத்திவிட்டு அவன் முன்னே முழந்தாளிடுவதும், வலப்பக்கத் துறைமுகத்தில் மரக்கலங்கள் நிற்பதும், ரோமாபுரியின் கொலோசியத்தை நினைவூட்டும் வளைவுகளுக்கு இடையே கோபுரத்தைச் சுற்றி ஏறும் பாதையில் சிற்றெறும்புகள் போல் மனிதர் உழைப்பதும், உள்ளே ஆட்கள் நடந்து சுழற்றும் பெருஞ்சக்கரத்தால் கல்லைத் தூக்கும் யந்திரமும் எங்களுக்குப் புலனாயின. கோபுரத்தின் பக்கவாட்டில் சிவப்பாய் ஒரு தாரையும் வெண்மையாய் ஒரு தாரையும் செங்குத்தாக ஓடின. அவை என்னவென்று இரண்டு வாரம் எங்களுக்குப் புரியவில்லை. ஓடு மாற்ற வந்த கொத்தனார் ஒருவர், தண்ணீர் குடிக்க நின்ற இடத்தில் பலகையைப் பார்த்து, “இது செங்கல் ஏத்துற வழி, இது சுண்ணாம்பு ஏத்துற வழி, தூசு படிஞ்சிருக்கு” என்று ஒரு பார்வையில் சொல்லிவிட்டார். அதன்பின் அந்தத் துண்டுகளை எந்தத் திசையில் அடுக்குவது என்பதில் எங்களுக்குச் சந்தேகமே எழவில்லை. அவர் வேலை முடியும் வரை தினமும் மத்தியானம் கை கழுவிக்கொண்டு வந்து இரண்டு துண்டாவது வைத்துவிட்டுப் போனார்.

இனி, நீங்களும் நாங்களும் ஒருங்கே நின்றுபோன வானத்துக்கு வருவோம். மற்றத் தாம்பாளங்கள் எல்லாம் காலியானபின் ஒரு தாம்பாளத்தில் ஏறத்தாழ 600 வெளிறிய துண்டுகள் மிஞ்சின. நீலம் என்றும் சொல்ல முடியாது, வெண்மை என்றும் சொல்ல முடியாது. இங்கே நிறம் துணை செய்யாது. வடிவம் ஒன்றே கதி. இப்படிப்பட்ட நிலையில் ஓரிடத்தை நிரப்ப, அதிகபட்சம் 600 துண்டுகளையும் ஒவ்வொன்றாக வைத்துப் பார்க்க நேரலாம், அடுத்த இடத்துக்கு 599, அதற்கடுத்து 598. இவ்வாறு கடைசித் துண்டு வரையில் கூட்டினால் மொத்தம் 1,80,300 சோதனைகள். இந்தக் கணக்கை என் மகன் ஒரு துண்டுக் காகிதத்தில் போட்டு என் முன்னே வைத்தபோது எனக்கு மூச்சே நின்றது போலாயிற்று. ஆனால் அவன் அதன் கீழே இன்னொரு வரி எழுதினான். 300 துண்டுகள் வைத்தானபின், எஞ்சிய 300-க்கு வேண்டிய சோதனைகள் எத்தனை? 45,150. அதாவது, எண்ணிக்கையில் சரிபாதி மீதியிருக்கும்போது உழைப்பில் கால் பங்குதான் மீதியிருக்கிறது.

அன்பர்களே, இந்த இரண்டு எண்களுக்காகவே நான் இம்மடலை எழுதினேன் என்று சொன்னாலும் பொருந்தும். வானத்தில் பாதி ஆனதும் நீங்கள் நிமிர்ந்து பார்த்தீர்கள். இவ்வளவு நாள் பாடுபட்டும் பாதிதானே என்று சோர்ந்தீர்கள். வந்த வழி எவ்வளவோ போகிற வழியும் அவ்வளவே என்று எண்ணிப் பெட்டியைத் தேடினீர்கள். போகிற வழியோ அதில் மூன்றில் ஒரு பங்குதான். ஒவ்வொரு துண்டு அமையும்போதும் அடுத்ததற்குத் தேட வேண்டிய குவியல் சிறுக்கிறது என்ற சாதாரண விஷயத்தை, களைத்த கண் காண்பதில்லை.

அந்தக் கால் பங்கையும் இன்னும் குறைக்கலாம். நான்கு பக்கமுள்ள ஒரு துண்டில் தலையும் குழியும் அமையும் முறை ஆறுக்கு மேல் இல்லை: நான்கும் தலை, மூன்று தலையும் ஒரு குழியும், எதிரெதிரே இரண்டு தலை, அடுத்தடுத்து இரண்டு தலை, ஒரு தலையும் மூன்று குழியும், நான்கும் குழி. வானம் முழுவதையும் இந்த ஆறு வகையாகப் பிரித்து ஆறு தட்டில் வைத்துவிட்டால், காலியிடத்தின் சுற்றுப்புறத்தைப் பார்த்து உரிய தட்டை மட்டும் நாடினால் போதும். ஆறும் சமமாக இரா. எங்கள் படத்தில் எதிரெதிரே இரண்டு தலை கொண்டவையே மிகுதி. ஆயினும் தேடல் வெகுவாகச் சுருங்கிற்று. இவ்வாறு பங்கிட்டுக்கொள்வது வீரத்துக்குக் குறைவு என்று எவரும் கருத வேண்டாம். 2011-ஆம் ஆண்டு செப்டம்பரில் வியட்நாமின் ஹோ சி மின் நகரத்துப் பொருளாதாரப் பல்கலைக்கழக மாணவர் 1,600 பேர் கூடி, 5,51,232 துண்டுகளைச் சேர்த்துக் கின்னஸ் சாதனை படைத்தார்கள். அவர்களும் அதை 3,132 பகுதிகளாக, பகுதிக்கு 176 துண்டு வீதம் பிரித்துக்கொண்டே செய்தார்கள். கடையில் விற்கும் 51,300 துண்டுப் புதிர்கூட 1,900 துண்டு வீதம் 27 பைகளில்தான் வருகிறது.

ஓர் எச்சரிக்கையும் கூற வேண்டும். ஒரே நிறத்துப் பரப்பில், உரியதல்லாத துண்டு உரியதுபோலவே அமர்ந்துவிடும். மாசி மாதத்தில் எங்கள் வானத்தின் இடப்பக்கத்தில் பதினொரு நாட்கள் ஒன்றும் நகரவில்லை. ஆறு தட்டும் தேடி அலுத்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மருமகள் அந்தப் பகுதியை மெல்லத் தூக்கி முற்றத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள். எல்லா இணைப்பும் இருண்டிருக்க, ஓரிடத்தில் மட்டும் ஊசி முனை அளவு வெளிச்சம் கசிந்தது. அந்தத் துண்டை எடுத்ததும், அன்று மாலைக்குள் இருபத்தாறு துண்டுகள் அமைந்தன. நீங்கள் நின்றுபோன இடத்திலும் அத்தகைய ஒரு துண்டு உட்கார்ந்திருந்து, உங்கள் மொத்தக் குடும்பத்தின் சாமர்த்தியத்தையும் உங்களையே சந்தேகிக்கும்படி செய்திருக்கலாம்.

பங்குனியில் நடந்த ஒன்றை எழுதுவதா வேண்டாமா என்று நெடுநேரம் யோசித்தேன். உங்களில் சிலருக்கேனும் அது பயன்படும் என்பதால் எழுதுகிறேன். எனக்கும் என் தம்பிக்கும் பாகப் பிரிவினை விஷயமாகப் பல ஆண்டு மனஸ்தாபம். தாயாரைப் பார்க்க மாதத்துக்கு ஒரு முறை வருவான். வந்தால் வாசற்பக்கத்து நாற்காலியில் கால் மணி நேரம் இருந்துவிட்டுப் போய்விடுவான். எங்கள் இருவருக்கும் இடையே, ‘காபி சாப்பிடு’, ‘ஆகட்டும்’ என்பதற்கு மேல் வார்த்தை கிடையாது. அன்று தாயார் பலகையண்டையில் உட்கார்ந்திருந்தபடியால் அவனும் அங்கே வர வேண்டியதாயிற்று. எதிரெதிரே உட்கார்ந்திருந்தால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டும். பலகைமுன் உட்கார்ந்தவர்கள் இருவரும் ஒரே பக்கம் பார்க்கிறார்கள். அரை மணி கழித்து, “அண்ணா, இது மேகத்தின் ஓரம் இல்லையோ? கோபுரத்துக்கு முன்னால் போகிறதே, அது” என்றான். துண்டை என் கையில் கொடுத்தான். அது பொருந்தியது. அன்று இரவு அவன் எங்கள் வீட்டில் சாப்பிட்டான். நிலத்து விஷயம் இன்றும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. அதைப் புதிர் தீர்க்கவில்லை. ஆனால் அவன் அதன்பின் வாரந்தோறும் வந்தான். மேகம் முழுவதும் அவன் கைவேலை.

வைகாசியில் ஒரு பிற்பகல், நாங்கள் எல்லோரும் வெளியே போயிருந்தோம். கடைசித் துண்டை யார் வைப்பது என்று பேரனுக்கும் பேத்திக்கும் பத்து நாட்களாகப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. திரும்பி வந்து பார்த்தால் படம் முழுமையாகக் கிடந்தது. தாயார் பூஜை அறையில் விளக்குக்குத் திரி போட்டுக்கொண்டிருந்தார். மீதியிருந்த மூன்றையும் அவரே வைத்துவிட்டார். குழந்தைகள் முகம் வாடியதைப் பார்த்து, “ஏன், இன்னொன்று பாக்கி இல்லையா?” என்று உண்மையான ஏமாற்றத்தோடு கேட்டார்.

பசை பூசிச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டலாம் என்று சிலர் யோசனை சொன்னார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. ஒரு மாதம் பலகைமேலேயே வைத்திருந்து, வருவோர் போவோர் பார்த்தபின், கலைத்துவிட்டோம். பெட்டியைத் தம்பி கேட்டான். அவன் வீட்டுக் கூடத்தில் இடம் இருக்கிறதா என்று மட்டும் நான் விசாரித்தேன்.

கடைசியாக ஒரு காரியம். பரணிலிருந்து இறக்கிய பெட்டியைத் திறந்தவுடனே கவிழ்த்துக் கொட்டிவிடாதீர்கள். போகியன்று நாங்கள் அப்படித்தான் செய்யப் போனோம். தாயார் கையை நீட்டித் தடுத்தார். உள்ளே, உதிரித் துண்டுகளுக்கு நடுவே, முன்பு சேர்த்தவற்றில் சில, நான்கு மழைக்காலங்களுக்குப் பின்னும் ஒன்றையொன்று விடாமல் பற்றிக்கொண்டிருந்தன: ஒன்றில் இரண்டு, ஒன்றில் நான்கு, எல்லாவற்றிலும் பெரிதாகப் பதினொரு துண்டுகள் கொண்ட ஒரு மரக்கலம். இப்போது திருச்சியில் குடித்தனம் செய்யும் என் மகள், கல்யாணத்துக்கு முந்தின ஆண்டு, இரவு வெகு நேரம் விழித்திருந்து சேர்த்த மரக்கலம் அது. முதலிலிருந்து தொடங்குவதுதானே முறை என்று பேத்தி அதைப் பிரிக்கப் பார்த்தாள். தாயார் அதை இரு கையாலும் ஏந்தி எடுத்து, தனியே ஒரு தாம்பாளத்தில் வைத்தார். உங்கள் பெட்டியிலும் அப்படிச் சில இருக்கும். திறப்பதற்கு முன்பே ஒரு தாம்பாளத்தைத் துடைத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இங்ஙனம்,
உங்களைப் போலப் பாதியில் மூடியவர்களில் ஒருவன்.